குமராட்சி பார்சல்

எங்கள் மருந்து மொத்த விற்பனைக் கிடங்கில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு முதலில் ஒரு வகுப்பு உண்டு. சப்ளை செயின் மேனேஜ்மென்ட், அடிப்படைகள் என்று ஒரு வீடியோ போடுவார்கள். கோட்டு போட்ட ஒருவர் வெள்ளைப் பலகையில் வரிசையாகக் கட்டங்கள் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் அம்பு இழுப்பார். மூலப்பொருள் தருகிறவர், தயாரிக்கிறவர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை, கடைசியில் வாங்குகிறவர். சரக்கு ஒரு பக்கமாகப் போகும், காசு எதிர்ப்பக்கமாக வரும், தகவல் மட்டும் இரண்டு பக்கமும் போய்வரும். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல அவருக்கு முக்கால் மணி நேரம் வேண்டியிருக்கிறது. வீடியோ முடிந்ததும் அதைக் கடலூர்க் கணக்கில் விளக்கிச் சொல்வது, டெஸ்பாட்ச் இன்சார்ஜ் என்கிற முறையில், என் வேலை.

சொல்வேன். ஒரு சாமானைக் கேட்ட நாளுக்கும் அது கைக்கு வருகிற நாளுக்கும் நடுவே இருப்பது லீட் டைம். அந்த இடைவெளியில் அலமாரி காலியாகிவிடாமல் இருக்கக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்வது சேஃப்டி ஸ்டாக். வீட்டில் இரண்டாவது கேஸ் சிலிண்டர் வைத்திருக்கிறோமே, அதேதான். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். மேஜைக்கு அடியில் போனை நோண்டுகிறவனை ஒரு அதட்டு அதட்டுவேன். ஆனால் கட்டங்களுக்கு நடுவே அந்த மனிதர் அலட்சியமாக இழுத்துவிட்டுப் போகிற அம்பு இருக்கிறதே, அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை வகுப்பில் சொன்னதில்லை. சொன்னால் என் சொந்தக் கதையும் சேர்ந்து வந்துவிடும்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் வைத்திருக்கிற பதில் அச்சில் ஏறத் தகுந்ததல்ல. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடி போர்ஷனில் இருக்கிறேன். சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். அப்பா அம்மா இருந்தவரை உறவுக்காரர்களின் பத்திரிகையெல்லாம் அங்கே வரும். பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தது, தங்கச்சிக்கும் சொல்லிடுங்க என்ற ஒரு வாக்கியத்தோடு. அண்ணன் குடும்பம் ஓசூருக்குப் போனதும் அந்த வாக்கியமும் ஓசூருக்குப் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் பத்திரிகை என்பது குடும்பத்துக்கு வைப்பது. தனியாக இருக்கிற பெண்ணுக்கு என்று தனியாக வைக்கிற வழக்கம் இல்லை. யாருக்கும் என்மேல் கோபம் கிடையாது. கோபமிருந்தால்கூடப் பரவாயில்லை, சண்டையாவது போடலாம்.

வைகாசி பிறந்தால் தெருவுக்குத் தெரு மைக்செட் அலறும். நான் மாடியில் தயிர்சாதமும் ஊறுகாயும். என் வீட்டுக் காலண்டர்கூட மருந்துக் கம்பெனி கொடுத்தது, அதில் முகூர்த்த நாள் போட்டிருக்காது. எதற்கு மறைக்க வேண்டும், கஷ்டமாகத்தான் இருந்தது. ஞாயிறு முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் கிடந்துவிட்டு, திங்கட்கிழமை ஆபீசில் முதல் போனை எடுக்கும்போது தொண்டை கரகரக்கும். ஜலதோஷமா என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன்.

அந்த முதல் போன் பெரும்பாலும் குமராட்சியிலிருந்து வரும். சிதம்பரம் டவுன் கடைகளுக்கு எங்கள் வேன் போகும். அதைத் தாண்டி கிள்ளைப் பக்கம், குமராட்சிப் பக்கம் உள்ள சின்ன மெடிக்கல் கடைகளுக்கு வேன் அனுப்பினால் டீசலுக்கே கட்டாது. அதனால் பஸ்ஸில்தான் கொடுத்துவிடுவோம். கடலூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம் கொடுத்தால் அவர் சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் இறக்குவார். டீக்கடைக்காரர் அதை எடுத்து வைத்திருந்து, குமராட்சி போகிற மினி பஸ் டிரைவரிடம் கொடுப்பார். மினி பஸ் மெடிக்கல் வாசலில் ஒரு ஹாரன் அடிக்கும், கடைக்காரர் வந்து வாங்கிக்கொள்வார். ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது. நான் ஒவ்வொருவருக்கும் ஒரு போன் போட்டு, பார்சல் வருகிறது, இன்ஜின் பானெட் மேல் மட்டும் வைக்காதீர்கள், சூட்டில் மருந்து கெட்டுவிடும் என்று சொல்வேன். பத்து வருஷத்துக்கு மேலாக இப்படித்தான். இந்த மனிதர்களில் ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. பஸ்ஸில் ஏற்றுவதற்குக் கிடங்கில் ஆள் உண்டு. நான் மேஜையும் போனும்தான்.

குமராட்சிக் கடைக்காரரோடுதான் அதிகம் பேசியிருக்கிறேன். ஆர்டர் சொல்லிவிட்டு இரண்டு வார்த்தை ஊர் விஷயம் பேசுவார். கரண்ட் போன கதை, கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்ட கதை. ஒரு வருஷம் வெள்ளம் வருகிறது என்றதும் கீழ்த்தட்டில் உள்ளதையெல்லாம் மேலே ஏற்றுங்கள் என்று போனிலேயே அவரை விரட்டினேன். கடைசியில் எப்போதும், சாப்டீங்களா மேடம் என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார். கடலூர் ஜில்லாவில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கிற ஒரே ஆள். போன வருஷம் சித்திரை பிறந்ததிலிருந்து அந்தப் பேச்சு குறைந்துவிட்டது. ஆர்டரைச் சொல்வார், வைத்துவிடுவார். நான் ஏதாவது வெடுக்கென்று சொல்லிவிட்டேனா என்று இரண்டு மூன்று நாள் யோசித்தேன். என் வாய் அப்படிப்பட்டதுதான்.

அவர் கடைக்கு ஒரு வாடிக்கை உண்டு. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற ஒரு அம்மாவின் மகள், எட்டாவது படிக்கிறவள். சின்ன வயதிலேயே சர்க்கரை வியாதி. தினமும் இன்சுலின் ஊசி போட்டே ஆகவேண்டும். போடாமல் விட்டால் ஒரே நாளில் ஆளைச் சாய்த்துவிடும். அவள் போடுகிற வகையை அந்தப் பக்கத்தில் வேறு யாரும் வாங்குவதில்லை. கடையில் சின்ன ஃபிரிட்ஜ், அடிக்கடி கரண்ட் கட், அதனால் அவர் கூடுதலாக வாங்கி வைக்க மாட்டார். சேஃப்டி ஸ்டாக் இல்லாத இடம். அந்த வைகாசியில் சென்னையிலிருந்து எங்களுக்கு வரவேண்டிய சரக்கே தள்ளித் தள்ளிப் போனது. ஒருவழியாக ஒரு சாயங்காலம் கிடங்குக்கு வந்து சேர்ந்தபோது, அந்தப் பெண்ணிடம் இருந்தது அன்றைய ராத்திரி ஊசிக்கு மட்டும்தான் வரும் என்று கடைக்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

உடனே போன் செய்தேன்.

"சார், பாப்பாவோட இன்சுலின் வந்துடுச்சு. காலையில மொத பஸ்ல போட்டு விடறேன். கடை தொறந்திருக்கும்ல?"

அந்தப் பக்கம் ஒரே சத்தம். பாத்திரம் உருட்டுகிற மாதிரி, யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரி. அவர் கொஞ்சம் தயங்கினார்.

"சரி மேடம், அனுப்புங்க."

வைத்துவிட்டார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

மறுநாள் தெர்மோகோல் டப்பாவில் ஐஸ் ஜெல் வைத்து முதல் பஸ்ஸில் ஏற்றியாயிற்று. எங்கள் முதலாளி அன்று வரவில்லை, எங்கோ விசேஷம் என்று கேள்வி. பஸ் சிதம்பரம் போய்ச் சேர்ந்திருக்கும் நேரத்துக்கு டீக்கடைக்காரருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மினி பஸ் டிரைவருக்கு அடித்தேன். எடுத்தார், நாதஸ்வரமும் மேளமும் காதைக் கிழித்தன, அவர் ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். குமராட்சிக்கு அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். மணி போகிறது, ஆள் இல்லை. கடைசியில் திரும்பி வந்துகொண்டிருந்த கண்டக்டர்தான் கிடைத்தார். டீக்கடை பூட்டிக் கிடந்ததாம், பக்கத்துப் பூக்கடையில் கொடுத்துவிட்டு வந்தாராம். ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று இவருக்கும் தெரியவில்லை.

வைகாசி வெயில். பூக்கடையில் தெர்மோகோல் டப்பா. குமராட்சியில் காலை ஊசி போடாத ஒரு பிள்ளை. கிடங்கில் இருந்த இரண்டு பேரும் வேனோடு விருத்தாசலம் பக்கம் போயிருந்தார்கள். கைப்பையை எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறிவிட்டேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பட்டுப்புடவையும் மல்லிகைப் பூவுமாக ஏறினார்கள், இறங்கினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இன்றைக்கு முகூர்த்தம். பஸ் முழுக்கத் தெரிந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது.

சிதம்பரத்தில் பூக்கார அம்மா டப்பாவை ஈரச் சாக்குக்கு அடியில், பூவோடு பூவாக வைத்திருந்தார். அந்தப் புத்திக்கு அவரைக் கும்பிடலாம். டீக்கடைக்காரர் எங்கே என்று கேட்டேன்.

"எல்லாரும் குமராட்சி கல்யாணத்துக்குப் போயிருக்காங்கம்மா. மருந்துக்கடைக்காரரு பொண்ணுக்கு இன்னிக்குத்தான் கல்யாணம். மினி பஸ்ஸையும் அவுங்கதான் பேசிட்டாங்க, மாப்பிள்ளை வூட்டு ஆளுங்கள ஏத்தியார. எனக்கும் பத்திரிகை வெச்சாரு, யாவாரத்த உட்டுட்டுப் போவ முடியல. உனுக்கு வெக்கலியா?"

நான் டப்பாவை வாங்கிக்கொண்டேன். ஆட்டோ பேசி ஏறி உட்கார்ந்த பிறகு கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு, வெயில் என்று ஆட்டோக்காரரிடம் காரணம் வேறு சொன்னேன். அவர் கேட்கவே இல்லை. டீக்கடைக்காரருக்குப் பத்திரிகை. மினி பஸ் டிரைவருக்குப் பத்திரிகை. பூக்கார அம்மாவுக்குப் பத்திரிகை. அந்தக் கடையிலிருந்து கடலூர் வரை ஒரு சங்கிலி மாதிரி எல்லோரையும் அழைத்திருக்கிறார். எங்கள் முதலாளி போன விசேஷமும் இதுதான் என்று அந்த ஆட்டோவில் வைத்துத்தான் புரிந்தது. வெள்ளத்தன்று அலமாரியைக் காப்பாற்றிக் கொடுத்தவள் மட்டும் அழையா விருந்தாளியாக ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன்.

குமராட்சிக் கடைவீதியில் மெடிக்கல் ஷட்டர் இறக்கியிருந்தது. படியில் ஒரு அம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. பாப்பாவுக்கு இன்சுலின் கொண்டுவந்திருக்கிறேன் என்றதும் எழுந்து டப்பாவை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். காலையிலிருந்து அங்கேயேதான் இருந்தாராம். பிள்ளைக்கு வாந்தி வருகிற மாதிரி இருக்கிறதாம், சாப்பிடாமல் படுத்திருக்கிறாளாம். மண்டபம் அதே தெருவில், கூப்பிடு தூரத்தில் இருந்தது, பந்தியின் சத்தம் அங்கேயே கேட்டது. எனக்கு வந்ததே கோபம். அங்கே போய்க் கேட்டிருக்கக் கூடாதா, சிதம்பரத்துக்காவது கூட்டிப் போயிருக்கக் கூடாதா என்று சத்தம் போட்டேன்.

"கல்யாண வூட்ல போயி ஊசி மருந்துன்னு எப்பிடிம்மா நிக்கறது? நல்ல காரியம் நடக்கற எடம். மினி பஸ்ஸு வந்துடும் வந்துடும்னு பாத்துட்டே இருந்துட்டேன்."

சொல்லிக்கொண்டே நடக்க ஆரம்பித்துவிட்டார், பிறகு ஓடினார். போட்டுவிட்டுத் தகவல் சொல்லுங்கள், வாந்தி நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று அவர் முதுகைப் பார்த்துக் கத்தினேன்.

அதற்குள் யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மண்டபத்திலிருந்து பட்டு வேட்டியும் சந்தனமுமாக ஒருவர் வேகமாக வந்தார். சின்ன உருவம், நரைத்த தலை. குரலை வைத்து நான் நினைத்துவைத்திருந்த ஆள் உயரமானவர். கையிலிருந்த போனில் என் நம்பரிலிருந்து வந்த அழைப்புகள் வரிசையாகத் தெரிந்தன. என்னைப் பார்த்து, கடலூர் மேடமா என்று கேட்டார். நான் அவருக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"நேத்தே கடை இருக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் வேனையே அனுப்பியிருப்பேனே சார். அந்தப் புள்ளைக்கு எதாவது ஆயிருந்தா?"

அவர் முகம் செத்துவிட்டது. மினி பஸ் டிரைவர் எடுத்து வந்துவிடுவார் என்று நினைத்துத்தான் சரி என்றாராம். அந்த மினி பஸ்ஸைத்தானே கல்யாணத்துக்குப் பேசியிருக்கிறோம் என்பது கல்யாண வேலையில் தலைக்கு ஏறவே இல்லையாம். ஆனால் கடை இருக்காது என்று ஏன் சொல்லவில்லை என்று நான் விடாமல் கேட்டேன்.

"சொன்னா, ஏன்னு கேப்பீங்க. பொண்ணுக்குக் கல்யாணம்னு சொல்லணும். கூப்புடாம அத எப்பிடி மேடம் சொல்றது? ஒரு மாசமாவே உங்ககிட்ட பேச்சுக் குடுக்கறதுக்கு பயந்துகினு இருந்தேன், வாய் தவறி வந்துடப் போவுதுன்னு."

கூப்பிட்டிருக்கலாமே என்று என்னால் கேட்க முடியவில்லை. கேட்காமலேயே அவர் சொன்னார்.

"உங்களுக்கும் ஒரு பத்திரிகை எடுத்து வெச்சேன். மேல பேரு எழுதணும்ல? உங்க பேரு தெரியல. இத்தினி வருஷம் கழிச்சி உங்களையே கேட்டா தப்பா நெனைப்பீங்க. வூட்ல யாரு இருக்காங்க, யாரு பேருக்குப் போடறதுன்னும் தெரியல. நாளைக்கு எழுதலாம் நாளைக்கு எழுதலாம்னு அப்பிடியே போயிடுச்சி."

"பத்து வருஷத்துல ஒரு நாள் கேட்டிருக்கக் கூடாதா சார்?" என்றேன். தெருவென்று பார்க்கவில்லை.

"நீங்களும் என் பேரக் கேக்கலியே மேடம்," என்றார்.

குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. எனக்கு அந்த யோசனையே வரவில்லை என்பதுதான் நெஞ்சில் அடித்தது. மண்டபத்து வாசலில் ஒரு ஆள் உயரத்துக்கு பேனர் கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை, பெண், பெற்றோர், தாய்மாமன், வாழ்த்துகிறவர்கள் என்று ஒரு படை. அதில் எந்தப் பெயர் இவருடையது என்று என்னால் சொல்ல முடியாது. என் போனில் இவர் குமராட்சி. டீக்கடைக்காரர் சிதம்பரம் டீ. டிரைவர் மினி பஸ். எல்லோரையும் ஊராகவும் வண்டியாகவும் எழுதி வைத்துக்கொண்டு, என்னை யாரும் மனுஷியாக நினைக்கவில்லை என்று மாடியில் அழுதுகொண்டிருந்திருக்கிறேன்.

கடைக்காரர் என்னை மண்டபத்துக்குள் அழைத்துப் போனார். கைகழுவுகிற இடத்தில் நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அவரே வந்து சொன்னார், பாப்பா ஊசி போட்டுக்கொண்டாளாம், வாந்தி இல்லையாம், எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறாளாம். இருந்தாலும் சாயங்காலம் டாக்டரிடம் ஒருதரம் காட்டச் சொல்லியிருக்கிறேன் என்றார். அப்புறம் மேடம், நீங்க சாப்டணும் என்று சொல்லிவிட்டு, வேறு யாரோ கூப்பிட்டதும் ஓடினார். அவர் மகளின் கல்யாணம். அவருக்கு நிற்க நேரமில்லை.

கடைசிப் பந்தி. கசங்கிய ஆபீஸ் சுடிதாரோடு போய் உட்கார்ந்தேன். இடப்பக்கம் இருந்த பட்டுப்புடவை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்டார். கடலூர் என்று சொல்லி வைத்தேன். இலையில் எல்லாம் விழுந்தது. நான்கு பேர் சிரிக்கிற இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு வருஷக்கணக்காகிவிட்டதால், எதை முதலில் எடுப்பது என்றுகூடப் புரியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

வலப்பக்கத்து இலைக்காரர், சாம்பார் வாளியோடு வந்தவரிடம், போதும்பா போதும்பா, வண்டி ஓட்டணும் என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். வாரத்துக்கு நாலு நாள் கேட்கிற குரல். பார்த்தேன். முப்பத்தைந்து வயது இருக்கலாம், சட்டைப் பையில் பஸ் சாவி. அவருக்கு என்னைத் தெரியவில்லை. நான் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்து போய்விட்டால் கடைசி வரைக்கும் தெரியாது.

"தம்பி, உங்க பேரு என்னா?" என்றேன்.

அவர் கையில் எடுத்த கவளம் பாதி வழியில் நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். மேடமா, நீங்களா என்று பாதி எழுந்துவிட்டார். பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்திருக்கக் கூடாது, உட்கார், முதலில் பேரைச் சொல்லு என்று அதட்டினேன்.